பச்சை விளக்கு சாட்சியாகாது

குருக்கள்மடத்தில் கல்முனை வீதியை விட்டு வாவிப் பக்கமாக இறங்கினால் அம்பிளாந்துறைக்குப் போகும் பாதைத் துறை வரும். வெளியூர் வாசகருக்காக ஒரு சொல்: இங்கே பாதை என்பது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. காலையில் அக்கரையான படுவான்கரையிலிருந்து அதில் வந்து இறங்குகிறவர்களைக் கவனித்தால், பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் கோவை இருக்கும். உள்ளே பிறப்புப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம், ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி. தண்ணீர் தெறித்துவிடுமோ என்று அதற்கு மேல் இன்னொரு பொலித்தீன் பை. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குவார்கள்.

அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு பத்திரங்களும் பறந்துபோன வீடுகள் இந்தக் கரையில் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எடுத்துக்கொண்டு போன றங்குப்பெட்டிகளுக்குள் எத்தனை குடும்பங்களின் உறுதிகள் இருந்தன! பத்திரம் தொலைந்தவர், தான் யாருடைய பிள்ளை, தன் காணி எது என்று கந்தோர் கந்தோராக நின்று நிறுவவேண்டியிருந்தது. அந்த அலைச்சலைக் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்று அந்தப் பத்திரங்களின் மூலம் மெல்ல மெல்லக் கொம்பியூட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பிறப்பு, விவாக, இறப்புப் பதிவின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்டு வாங்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. நல்லது. ஆனால் பொலித்தீன் பையில் சுற்றி அணைத்துக்கொண்டு வந்த அந்தக் கைகளுக்கு இருக்கும் பொறுப்பு, பெட்டிக்குள் வைத்திருப்பவர்களுக்கு இருக்கிறதா? இதைத்தான் இன்று கேட்கிறோம்.

நாம் நன்கு அறிந்த வாசிகசாலை ஒன்று இந்தக் கரையில் இருக்கிறது. ஊரவர்கள் கொடுத்த பழைய படங்கள், கண்ணகி அம்மன் சடங்கு நோட்டீசுகள், பாடசாலைப் பரிசளிப்பு மலர்கள், முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள், அண்ணாவிமார் கைப்பட எழுதிய கூத்துக் கொப்பிகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு டிஸ்க் போட்ட ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒருநாள் அந்தப் பெட்டியின் சேமிப்பு மென்பொருளில் பிழை இருப்பதாகவும், புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ளும்படியும் அறிவிப்பு வந்தது. ஏற்றினார்கள். பெட்டி மறுபடி எழும்பியது. விளக்கு பச்சை. திரையில் ‘தொகுதி நலமாக உள்ளது’ என்ற வரி. விற்றவர்களுக்குத் தொலைபேசி எடுத்தபோது, “இனிப் பிரச்சினை இல்ல அண்ணன், அதுதான் அப்டேட் வந்திற்றே” என்று வைத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து ஒரு அம்மா வந்தார். “மனே, எங்கட அவர்ர கூத்துக் கொப்பிய ஒருக்காப் பாக்கலாமா?” பொறுப்பாக இருந்த தம்பி கோப்பைத் திறந்தார். பெயர் சரி, திகதி சரி, அளவும் சரி. முதல் பக்கத்தின் மேல் பகுதியில் கறுப்பு மையில் நெருக்கி எழுதிய விருத்தம் தெரிந்தது. ஐந்தாறு வரிக்குக் கீழே ஒன்றுமில்லை. சாம்பல் நிறம். அடுத்த பக்கம் முழுவதும் சாம்பல். அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, “கீழ எங்க மனே?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் டிஸ்க்கின் சங்கதியைக் கொஞ்சம் விளக்கவேண்டும். டிஸ்க்கில் ஒரு கோப்பு ஒரே இடத்தில் கட்டாக இருப்பதில்லை. துண்டு துண்டாக, இடம் கிடைத்த இடத்தில் கிடக்கும். எந்தத் துண்டு எந்தக் கோப்புக்குச் சொந்தம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கோப்பின் பெயர் என்ன, எப்போது எழுதப்பட்டது என்பதையெல்லாம் தனியாக ஓர் இடாப்பு வைத்திருக்கிறது. மெட்டாடேட்டா என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாடசாலையில் வரவு இடாப்புப் போல. பிள்ளைகள் வகுப்பில் இருந்தாலும் இடாப்புத் தொலைந்தால் யார் யாரென்று தெரியாது. இடாப்பில் பெயர் இருந்து பிள்ளை வராத நாளும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்து. இடாப்பை மட்டும் பார்ப்பவர், வகுப்பு நிறைந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இந்த இடாப்பு எவ்வளவு முக்கியம் என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரியும். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். முறை, தன் தலைமை அட்டவணையின் முதல் நான்கு பதிவுகளுக்கு இன்னொரு பிரதி வைத்திருக்கிறது. லினக்சின் எக்ஸ்ட்4, சூப்பர்பிளாக் எனப்படும் தலைப் பதிவை டிஸ்க்கின் பல இடங்களில் திரும்ப எழுதி வைக்கிறது. ஜி.பி.டி. என்ற பிரிவு அட்டவணை டிஸ்க்கின் தொடக்கத்திலும் கடைசியிலும் இரண்டு முறை இருக்கிறது. எல்.வி.எம். என்ற தொகுதி மேலாளர் தன் இடாப்பை மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்தாகவே டிஸ்க்கின் தலையில் எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்திய வடிவத்தையும் கணினியில் தனியாகச் சேமிக்கிறது. கட்டியவர்களே ஒரு பிரதியை நம்பவில்லை. வாங்கி வைத்திருப்பவர்கள் மட்டும் பச்சை விளக்கை நம்புகிறார்கள்.

விளக்கு ஏன் நம்பத்தக்கதல்ல என்பதற்கு 2023 இல் உலகம் கண்ட ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தரவின் நேர்மைக்குப் பேர்போனது ஸெட்.எஃப்.எஸ். என்ற சேமிப்பு முறை. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் போட்டு வைக்கும். அதன் திறந்த மூல வடிவத்தின் 2.2.0 பதிப்பு அந்த ஆண்டு ஒக்டோபரில் வந்தது. நவம்பரில் பயனர்கள் ஒரு கோளாறைக் கண்டார்கள்: எழுதிய கையோடு ஒரு கோப்பைப் பிரதி எடுத்தால், சில வேளை பிரதியின் நடுவே வெறும் பூச்சியங்கள். புதிதாகச் சேர்த்த வசதிதான் காரணம் என்று எண்ணி, 2.2.1 இல் அதை நிறுத்தினார்கள். தோண்டிப் பார்த்தபோது வேர் அதைவிடப் பழையது. பல ஆண்டுகளாக உள்ளே கிடந்த பிழை. நவம்பர் 30 ஆம் திகதி 2.2.2, 2.1.14 என்ற இரண்டு பதிப்புகளில் திருத்தம் வந்தது. இதில் நெஞ்சை உறுத்துவது இன்னொன்று. முழு டிஸ்க்கையும் ஓடிப் பார்க்கும் சோதனையை நடத்தினால், ‘பிழை ஏதுமில்லை’ என்றே பதில் வந்தது. ஏனென்றால் பூச்சியங்கள் ஒழுங்காக எழுதப்பட்டு, அந்தப் பூச்சியங்களுக்குச் சரியான சரிபார்ப்பு எண்ணும் போடப்பட்டிருந்தது. பொய்யை அழகாக எழுதி முத்திரை குத்தி வைத்தால் முத்திரையைப் பார்ப்பவர் என்ன செய்வார்?

ஆகவே திருத்தம் ஏற்றியாயிற்று என்பது ஒரு செய்தி. திருத்தம் வருவதற்கு முன் எழுதப்பட்டவை நலமாக உள்ளனவா என்பது வேறு கேள்வி. ஓட்டையை அடைத்தவுடன் ஒழுகிப்போன நெல் குதிருக்குள் திரும்பிவராது. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டி, பயனரை அமைதியாக வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை நாம் கண்டிக்கிறோம். அதை அறியாமை என்று மன்னித்துவிட முடியாது. அறிந்தவர்கள் செய்யும்போது அது ஏமாற்று.

நேர்மை எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து மீக்கணினியின் சேமிப்பில் 77 டெராபைட் தரவு, ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள், அழிந்துபோயின. 10 நாளைக்கு மேற்பட்ட பழைய குறிப்புகளை மட்டும் நீக்கவேண்டிய நிரல் ஒன்றை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வழங்குநர் நிறுவனம் புதிய வடிவத்தால் மேலெழுதியது. பாதியில் மாறிய நிரலுக்குத் தான் எந்த அடைவில் வேலை செய்கிறது என்றே தெரியாமற்போய், ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கத் தொடங்கியது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன; அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க வழியில்லை. பல்கலைக்கழகம் இந்த எண்களையெல்லாம் எண்ணி, பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவித்து, உலகம் பார்க்க வெளியிட்டது. நிறுவனமான ஹியூலட் பக்கார்ட், பொறுப்பு முழுவதும் தன்னுடையதே என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டது. இழப்பு பெரிது. ஆனால் எது போயிற்று, யாருடையது போயிற்று என்று சொல்லப்பட்டது.

எமது நாட்டுக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 26 ஆம் திகதி லங்கா அரச மேகக் கணினியில் இயங்கிய அரச மின்னஞ்சல் அமைப்பு, பணம் கேட்டுப் பூட்டுப் போடும் தாக்குதலுக்கு ஆளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். இயங்கிக்கொண்டிருந்த தரவோடு சேர்ந்து, இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டுவிட்டது. அந்தக் காலத்துக்கு இணைப்பறுத்து ஒதுக்கி வைத்த பிரதி கிடையாது. ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. புதியதுக்கு மாற நினைத்தும் பணமில்லாமல் இழுபட்டது என்பது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் விளக்கம். இனி நாள்தோறும் தனியாகப் பிரதி எடுப்போம் என்றும் அப்போது சொன்னார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 2021 இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அதே அரச மேகக் கணினியிலிருந்து அழிந்த செய்தி வெளிவந்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணைக்கு இறங்கியது. ஒரு நாட்டில் என்ன மருந்து விற்கலாம் என்பதற்கான பதிவு அது! அந்த அடி பட்ட பிறகாவது ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்திருக்கவேண்டாமா? காப்புப் பிரதி இருக்கிறது என்ற வாக்கியத்தை நம்பாமல், அதிலிருந்து ஒரு கோவையை எடுத்து வாசித்துப் பார்த்திருக்கவேண்டாமா?

2023 இல் அரச மின்னஞ்சலுக்கு நடந்தது மென்பொருள் பிழையல்ல, தாக்குதல் என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் எமது தீர்ப்பு தாக்கியவனைப் பற்றியதல்ல. அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வைத்திருந்தவரைப் பற்றியே பேசுகிறோம். பிறர் பொருளைக் கையில் வாங்கியவர் அதை இடைக்கிடை எடுத்துப் பார்க்கவேண்டும். பழுது நேர்ந்ததென்று அறிந்த கணமே எண்ணிப் பார்க்கவேண்டும். குறைந்திருந்தால் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லவேண்டும். நகை அடகு பிடிக்கும் கடைக்காரரிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கு இது. அரசாங்கத்திடம் இதைவிடக் குறைவாக எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தரவு திருடப்படுவது மட்டுமன்றி, தவறுதலாக அழிவதும் மாறிப்போவதும்கூட அதன் கண்ணில் மீறல்தான். முக்கிய கடமைகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரும் என்று நாள் குறித்தார்கள். நாள் நெருங்கியதும் தள்ளிவைத்தார்கள். இதற்கிடையில் மக்களின் முகமும் விரல் ரேகையும் சேரும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய நிதியுதவியுடன் முன்னே போகிறது. வாங்கி வைப்பதில் இருக்கும் அவசரம் பொறுப்பேற்பதில் இல்லை. இந்த வரிசை தவறு என்று நாம் வெளிப்படையாகச் சொல்கிறோம்.

பணக்கார நாடுகள் மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்கலாம். 2025 செப்டெம்பர் 26 இல் தேஜோன் நகரத்து அரச தரவு நிலையத்தில் மின்கலத் தீ பிடித்தது. அரச ஊழியர்கள் தங்கள் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருந்த சேமிப்பு எரிந்து, 858 டெராபைட் போயிற்று. அளவு பெரிது என்று சொல்லி வெளியே பிரதி வைக்காமல் விட்டிருந்தார்கள். பெரியது என்பதால் காவல் வேண்டாம் என்ற அந்தத் தர்க்கத்தை எந்த மொழியில் நியாயப்படுத்துவது?

வாசிகசாலைத் தம்பிக்குத் திரும்புவோம். அன்று அவர் செய்ததை ஒவ்வொரு கந்தோரும் கற்கவேண்டும். திரையில் ‘திருத்து’ என்று ஒரு பொத்தான் இருந்தது. நிர்வாக சபையில் இருந்த பெரியவர் ஒருவர், “அதை அமத்தினாச் சரியாகிடுமே தம்பி” என்றார். தம்பி அமத்தவில்லை. திருத்தும் கருவி எழுதும் கருவி. பழுதான இடாப்பைப் பார்த்து அது தன் ஊகத்தை எழுதினால் மிச்சமிருந்த தடயமும் அழியும். விண்டோசின் செக்டிஸ்க் கட்டளை வெறுமனே ஓடும்போது பார்த்துச் சொல்லும்; ‘எஃப்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் மாற்றத் தொடங்கும். லினக்சின் எஃப்.எஸ்.சி.கே.யில் ‘என்’ சேர்த்தால் எதையும் தொடாமல் பார்த்து மட்டும் சொல்லும். ஒரே ஓர் எழுத்தில் சோதனை வைத்தியமாகிவிடுகிறது. அவர் பெட்டியை நிறுத்தி, டிஸ்க்குகளைக் கழற்றி, வேறு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்தார். மூலத்தை உறையில் போட்டு அலுமாரியில் பூட்டினார். நகலில் மட்டும் வேலை செய்தார்.

பிறகு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை இறக்கினார். ஸ்கேன் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம், கொடுத்தவர் பெயர், எத்தனை பக்கம், என்ன திகதி என்று நீல மையில் எழுதி வந்த கொப்பி. கொம்பியூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்ட கொப்பி. இரண்டு கிழமை, பின்னேரங்களில் மூன்று பேர் இருந்து, இலக்கம் இலக்கமாக ஒவ்வொரு கோப்பையும் திறந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார்கள். பெட்டி தன்னைப் பற்றித் தானே சொன்ன சாட்சியை அவர்கள் ஏற்கவில்லை. வெளியே இருந்த சாட்சியோடு ஒப்பிட்டார்கள். நாற்பத்தொரு கோப்புகள் பழுது. அந்த நாற்பத்தொன்றையும் ஒரு தாளில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டினார்கள். கொடுத்தவர்களின் வீடுகளுக்கு நடந்து போய், உங்கள் பொருளை நாங்கள் கெடுத்துவிட்டோம், மூலம் உங்களிடம் இருந்தால் மறுபடி தாருங்கள் என்று கேட்டார்கள்.

தமிழில் இந்த ஒழுங்கு புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றை அச்சிட்டபோது 267, 268 ஆம் பாட்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. இலக்கத்தை நெருக்கி முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று காட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த இரண்டு இலக்கங்களும் இன்றுவரை பாட்டில்லாமல் நிற்கின்றன. 1904 இல் பதிற்றுப்பத்து வந்தபோதும் முதற்பத்தும் கடைசிப்பத்தும் இல்லாமலே, இல்லை என்று சொல்லியே வந்தது. ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பார்த்த மனிதர்கள் விடுபட்ட இடத்தை மறைப்பதைப் பாவமாக நினைத்தார்கள். இருநூறு ரூபாய்க் கொப்பியில் அந்தத் தம்பி செய்ததும் அதே வேலை.

இந்த ஊரிலிருந்து எழுதும்போது இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1990 ஜூலையில், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்கள், ஹஜ் முடித்து வந்தவர்களும் அதில், குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டு விடுதலைப் புலிகளால் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதற்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு தொகை இல்லை. அறிக்கைக்கு அறிக்கை எண் மாறுகிறது. உறவுகள் களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றம் வரை போனார்கள். அந்தத் துயரை டிஸ்க்கின் பழுதோடு ஒப்பிட நாம் துணியமாட்டோம். ஆனால் பெயரும் எண்ணும் தொலைந்துபோனால் என்ன ஆகும் என்பதை முப்பது வருடத்துக்கு மேலாக அறிந்த மண் இது. பதிவை எண்ணிப் பார்ப்பது சின்ன வேலை என்று இங்கே யாரும் எம்மிடம் சொல்லவேண்டாம்.

ஆகவே கேட்கிறோம். மக்களின் பதிவை வைத்திருக்கும் ஒவ்வொரு கந்தோரும், ஆஸ்பத்திரியும், வங்கியும், கூட்டுறவுச் சங்கமும் தன் சேமிப்பு மென்பொருளில் பிழை அறிவிக்கப்பட்டால், திருத்தம் ஏற்றிய திகதியோடு நிற்காமல், சரிபார்த்த திகதியையும் அறிவிக்கவேண்டும். எத்தனை கோப்பு பார்க்கப்பட்டது, எத்தனை பழுது என்று எண்ணில் சொல்லவேண்டும். பெட்டியை விற்கும் நிறுவனங்கள், பழுது நேர்ந்திருக்கக்கூடிய காலம் எது என்று வாங்கியவருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை எந்தெந்த அலுவலகத்தின் கடிதங்கள் போயின என்ற பட்டியலை அரசாங்கம் மூன்று மொழியிலும் மக்களின் கையில் தரவேண்டும். அந்த நாட்களில் மனு எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தவருக்கு, தன் கடிதம் போனதில் ஒன்றா என்று அறியும் உரிமை இருக்கிறது.

வாசிகசாலைச் சுவரில் அந்தத் தாள் இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. நாற்பத்தொன்றில் ஒன்பதுக்கு எதிரே இதுவரை சரி அடையாளம் விழுந்திருக்கிறது. கூத்துக் கொப்பி அதில் இல்லை. கிழக்கில் யார் வீட்டிலாவது அண்ணாவிமாரின் பழைய கொப்பி இருந்தால், கறையான் அரித்ததாயினும், ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.